கல்லா காசு யார் காசு? பார்லர், சலூன் வைக்கறவங்களுக்கு அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா வணக்கம். நான் காசிமேட்டுல இருந்து எழுதறேன், வயசு 36. பெரம்பூர்ல ஒரு பார்லர்ல ஒம்போது வருஷமா வேலை செய்யறேன், சம்பளம் 16,000. வீட்டுக்காரர் ஹார்பர்ல ட்ரெய்லர் ஓட்றார், லோடு இருந்தா மாசம் 20,000 வரும் இல்லன்னா கம்மிதான். பசங்க ரெண்டு பேர், பெரியவ பத்தாவது, சின்னவன் ஆறாவது. இப்ப தண்டையார்பேட்டையில மெயின் ரோட்டுல இருந்து ரெண்டாவது தெருவுல சின்னதா ஒரு கடை வந்திருக்கு, வாடகை 9,000, அட்வான்ஸ் 90,000 கேக்கறாங்க. சொந்தமா பார்லர் போட்ரலாம்னு ஆசையா இருக்கு, வைகாசியில நல்ல நாள் குறிச்சும் குடுத்துட்டாங்க. கையில 1,20,000 இருக்கு, அது ஒம்போது வருஷம் சேத்தது. நகை 7 சவரன். தெருவுல ஒரு லட்ச ரூபா ஏலச்சீட்டு போட்டிருக்கேன், மாசம் 5,000, 20 மாசத்துல 11 மாசம் முடிஞ்சிருக்கு. குழு லோன் ஒண்ணு வாரம் 1,100 கட்டிட்டு இருக்கேன், இன்னும் 30 வாரம் பாக்கி. கடைக்கு மொத்தம் மூணரை லட்சம் ஆகும்னு இன்டீரியர் செய்றவர் சொல்றார். சீட்டை இப்பவே ஏலத்துல எடுத்துரலாமா, நகையை வச்சிரலாமா? வீட்டுக்காரர் தெரிஞ்ச தண்டல்காரர் ஒருத்தர் இருக்கார், இன்னிக்கு கேட்டா நாளைக்கு தர்றார்ங்கறார். கடை வச்சிட்டா வீட்டு செலவை எப்படி சமாளிக்கறதுன்னுதான் ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. நல்ல வழி சொல்லுங்க அக்கா.
ஒரு வாசகி, காசிமேடு

பதில்: தங்கச்சி, கடைசி வரியில ஒண்ணு கேட்டிருக்கீங்களே, வீட்டு செலவை எப்படி சமாளிக்கறதுன்னு, அதுதான் முதல் கேள்வி. கண்ணாடி எங்க வைக்கலாம், சேர் என்ன கலர்ங்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். பழைய வண்ணாரப்பேட்டையில இருபது வருஷத்துக்கு மேல பார்லர் நடத்தினவ நான், முதல் கடையை ரெண்டே வருஷத்துல இழுத்து மூடினவளும் நான்தான், அதனால உங்க லெட்டரை நாலு வாட்டி படிச்சிட்டுதான் பேனாவை எடுத்தேன்.

தண்டலை முதல்ல பேசிடலாம், ஏன்னா அது வாசல்லயே நிக்குது. 10,000 தண்டல்னா கையில 8,500 குடுப்பாங்க, 100 நாள் தினம் 100 ரூபா கட்டணும், சரியா? கேக்கும்போது 1,500 ரூபாதானே வட்டின்னு தோணும். ஆனா அந்த 8,500 முழுசா 100 நாளும் உங்க கையில இருக்கறதில்லையே, முதல் நாள்ல இருந்தே திருப்பிக் கட்ட ஆரம்பிச்சிடறீங்க, அப்ப சராசரியா உங்ககிட்ட இருக்கறது பாதி, அதாவது 4,250 ரூபா. 4,250க்கு மூணு மாசம் பத்து நாள்ல 1,500 வட்டின்னா வருஷத்துக்கு போட்டுப் பாருங்க, நூத்துக்கு 120க்கு மேல போகும். பேங்க்ல நகைக்கடன் எடுத்தா நூத்துக்கு 10 பக்கம்தான் வரும், மார்வாடி கடையில 2 வட்டிக்கு வச்சாக்கூட வருஷத்துக்கு 24தான். கந்துவட்டிக்கு எதிரா நம்ம ஸ்டேட்ல 2003லயே சட்டம் வந்திருக்கு, ஆனா மிரட்டல் வந்தப்புறம் சட்டத்தை தேடி ஓடறதை விட அந்தப் பக்கமே போகாம இருக்கறது எவ்வளவோ மேல்மா.

காசு கணக்கு மட்டும் இல்ல இதுல. என் முதல் கடையில சாயங்காலம் ஆறு மணிக்கு தண்டல் ஆள் வந்து வாசல்ல வண்டியில உக்காந்துக்குவார், அந்த நேரத்துலதான் ஆபீஸ் விட்டு வர்ற பொண்ணுங்க ஐப்ரோ பண்ண வருவாங்க, ஒருத்தி முகத்துக்கு க்ரீம் போட்டுட்டு இருக்கும்போதே கல்லாவை திறந்து எண்ணி எடுத்துட்டுப் போய் குடுத்துட்டு வருவேன். போணி ஆகாத நாள்லயும் குடுக்கணும். அன்னிக்கு குடுக்கறதுக்காக இன்னொரு தண்டல் வாங்கினேன், அதைக் கட்ட மூணாவது. கடை நல்லாதான் ஓடிச்சு, கஸ்டமர் இருந்தாங்க, வேலை சுத்தமா இருந்துச்சு, அப்படியும் மூட வேண்டியதா போச்சு. அதனால வீட்டுக்காரர்கிட்ட அன்பாவே சொல்லிடுங்க, தண்டல் வேணாம்னு.

இப்ப கணக்குக்கு வருவோம், ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. கடைக்கு மாசாமாசம் ஆனாலும் ஆகலைன்னாலும் போற செலவு என்னென்ன? வாடகை 9,000. ஈபி ஒரு 3,000 வைங்க, கமர்ஷியல் கனெக்‌ஷன்ல ட்ரையர், ஸ்டீமர், ஏசி எல்லாம் ஓடினா அவ்வளவு வரும். ஒரு லட்ச ரூபா லோன் மூணு வருஷத்துக்கு எடுத்தா தவணை 3,300 பக்கம். தண்ணி கேன், டிஷ்யூ, போன், குப்பை, டீன்னு 1,700. மொத்தம் 17,000. உதவிக்கு ஒரு பொண்ணு வச்சா 9,000 சேருது, 26,000. இதுக்கு மேல உங்க சம்பளம் 16,000, அதை போடாம யாரும் கணக்கு போடாதீங்க, நம்ம உழைப்பு ஓசி கிடையாது. ஆக 42,000. அப்புறம் சாமான், க்ரீம், வேக்ஸ், நூல், ஷாம்பூன்னு நான் பார்த்த வரைக்கும் நூறு ரூபா வேலைக்கு 20 ரூபா சாமானுக்கு போயிடும். அப்படின்னா மாசம் 52,500 ரூபாய்க்கு வேலை வந்தாதான் நீங்க இப்ப வாங்கற அதே சம்பளம் உங்க கைக்கு வரும். மாசத்துல 26 நாள் கடை திறந்தா ஒரு நாளைக்கு 2,000 ரூபா. நம்ம ஏரியா ரேட்டுல சொன்னா தினம் 10 ஐப்ரோ, 2 ஃபேஷியல், ஒரு ஹேர் கட், ஒரு வேக்ஸிங். பழகின கடைக்கு இது வரும், புதுக் கடைக்கு முதல் ஆறு மாசம் இதுல பாதி வந்தாலே கையெடுத்து கும்பிடலாம்.

பாதி வருதுன்னே வச்சிக்குவோம், நாளைக்கு 1,000. மாசம் 26,000, சாமானுக்கு 5,200 போச்சுன்னா 20,800. உதவிக்கு பொண்ணு வச்சிருந்தீங்கன்னா 26,000 செலவு, கையில இருந்து 5,200 போடணும், உங்களுக்கு ஒரு ரூபா வராது. பொண்ணு வைக்காம நீங்களே ஒத்தையா பார்த்தா 17,000 போக 3,800 நிக்கும். அதனால முதல் ஆறு மாசம் ஆள் வேணாம், பிரைடல் ஆர்டர் வந்தா மட்டும் அன்னிக்கு ஒரு நாள் கூலிக்கு தெரிஞ்ச பொண்ணை கூப்பிட்டுக்கோங்க. அப்பவும் உங்க பழைய சம்பளத்துக்கும் இதுக்கும் நடுவுல மாசம் 12,200 பள்ளம் விழுது, ஆறு மாசத்துக்கு 73,200. அந்த பள்ளம்தான் உங்க தூக்கத்தை கெடுக்குது, அதுக்கு மண்ணு இப்பவே தயாரா வச்சிட்டா தூக்கம் வந்துரும்.

உங்ககிட்ட இருக்கற 1,20,000ல 75,000ஐ கடைக்கு தொடவே கூடாது. பேங்க்ல 12,500ன்னு ஆறு சின்ன எஃப்டியா போடுங்க, ஒண்ணு ஒரு மாசத்துல முடியற மாதிரி, அடுத்தது ரெண்டு மாசம், அப்படியே ஆறு மாசம் வரைக்கும். மாசம் ஒண்ணு முடிஞ்சு வீட்டு அக்கவுன்ட்டுக்கு வரும், அதுதான் அந்த மாச அரிசி பருப்பு, ட்யூஷன், சீட்டுப் பணம், குழு லோன் எல்லாம். வட்டி பெருசா வராது, அதுக்காக சொல்லலை, ஒரே அக்கவுன்ட்ல 75,000 இருந்தா அது ஹைட்ராலிக் சேரா மாறிடும், எனக்கு தெரியும்.

மிச்சம் 45,000. லோன் ஒரு லட்சம் கிடைச்சா 1,45,000, கடை இதுக்குள்ள அடங்கணும். மூணரை லட்சம்னு சொன்னவர் அவர் தொழிலுக்கு சொல்றார், அவரை தப்பு சொல்ல முடியாது, ஆனா நம்ம தெருவுல பால்ஸ் சீலிங் பார்த்து யாரும் ஐப்ரோ பண்ண வர்றதில்ல, சுத்தமான டவல், சுத்தமான பேசின், வலிக்காத கை, இதுக்குத்தான் வருவாங்க. நான் போட்டுப் பார்த்தது: அட்வான்ஸ் 45,000, பெயின்ட் ப்ளம்பிங் வயரிங் 35,000, சேர் கண்ணாடி ஃபேஷியல் பெட் எல்லாம் 40,000, முதல் சாமான் 13,000, போர்டு 7,000, அக்ரிமென்ட் லைசென்ஸ் செலவு 5,000. சேரும் பெட்டும் செகண்ட் ஹேண்ட்ல பாருங்க, கடை மூடறவங்க வித்துட்டுதான் இருக்காங்க. நூல், காட்டன், பிரஷ், க்ளிப் மாதிரி சாமானை பாரிஸ் பக்கம் மொத்தக் கடைங்கள்ல வாங்கினா தெருக்கடை விலையில பாதிகூட ஆகாது, ஆனா முகத்துக்கு போடற க்ரீம்ல மட்டும் விலை குறைவுன்னு பேர் தெரியாததை வாங்காதீங்க, ஒருத்தி முகம் சிவந்து போச்சுன்னா அந்த தெருவே வராது.

அட்வான்ஸ் 90,000ஐ 45,000 ஆக்கறது எப்படின்னு கேப்பீங்க. தமிழ்நாட்டுல வாடகை சட்டம் 2017ல போட்டது, 2019ல அமலுக்கு வந்துச்சு, அதுல ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு வேற மாதிரி எழுதிக்கலைன்னா 3 மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேக்கக்கூடாதுன்னு இருக்கு. 10 மாசம் கேக்கறது மெட்ராஸ் பழக்கம், அவ்வளவுதான். சட்டத்தை நீட்டி சண்டை போடாதீங்க, கட்டட ஓனர் கூட நாம பல வருஷம் இருக்கணும், அஞ்சு மாசம் இப்ப வாங்கிக்கோங்க அண்ணான்னு பொறுமையா பேசிப் பாருங்க, அந்த கடை எத்தனை மாசமா சும்மா கிடக்குன்னு பக்கத்து கடையில விசாரிச்சிட்டு போங்க, அதுதான் பேசறதுக்கு பலம். இறங்கவே மாட்டேன்னா வேற கடை பாருங்க, உள் தெருவா இருந்தாலும் பரவாயில்ல. எழுதின அக்ரிமென்ட் இல்லாம மட்டும் ஒரு ரூபாகூட குடுக்காதீங்க.

லோனுக்கு, உங்களுக்கு 35 தாண்டினது நல்லதா போச்சு. தமிழக அரசோட கலைஞர் கைவினைத் திட்டம்னு ஒண்ணு இருக்கு, 25 வகை கைத்தொழிலுக்கு, அழகுக்கலையும் சிகை அலங்காரமும் அதுல இருக்கு, 35 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு 3 லட்சம் வரைக்கும் லோன், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000. கிண்டியில மாவட்டத் தொழில் மையம் இருக்கு, ஒரு நாள் லீவு போட்டு நேர்ல போய் கேளுங்க. இல்லன்னா முத்ரா லோன், 2015ல இருந்து இருக்கு, 50,000 வரைக்கும் சிசு, அதுக்கு மேல 5 லட்சம் வரைக்கும் கிஷோர், நகையோ சொத்தோ அடமானம் கேக்கக்கூடாது. மானியம் வரும்னு எண்ணி முன்னாடியே செலவு பண்ணிடாதீங்க, அது வர்றப்ப வரட்டும். இதுக்கெல்லாம் போறதுக்கு முன்னாடி உத்யம்னு சின்ன தொழிலுக்கான அரசு பதிவு பண்ணிடுங்க, ஆதாரும் பான் கார்டும் போதும், அரசு சைட்ல ஒரு பைசா கிடையாது, 2,000 குடு 3,000 குடுன்னு கேக்கறவங்க சைட்ல மாட்டிக்காதீங்க. அப்படியே நீங்க கடன் கட்டின வரலாறு இருக்கற சிபில் ரிப்போர்ட்டும் எடுத்துப் பாருங்க, வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட் இலவசமா குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் ரூல் இருக்கு. குழு லோன் ஒரு வாரம் தவறியிருந்தாலும் அதுல தெரியும், பேங்க் மேனேஜர் அதைத்தான் முதல்ல பார்ப்பார்.

சீட்டை இப்ப எடுக்க வேணாம். இன்னும் 9 மாசம்தான், கடைசி வரைக்கும் போனா தள்ளு, அதாவது ஏலத்துல விட்டுக்குடுக்கற தொகை, இல்லாம முழுசா வரும், அது பெரியவ காலேஜுக்குன்னு நினைச்சிக்கோங்க. ஒண்ணே ஒண்ணு, அந்த சீட்டு பதிவு பண்ணதா? 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவுத்துறையில பதிவு பண்ணாத சீட்டு நடத்தக் கூடாது. தெரு சீட்டுல நம்பிக்கைதான் ரசீது, அதனால கட்டற ஒவ்வொரு மாசத்துக்கும் கையெழுத்து வாங்கிக்கோங்க, இது முடிஞ்சப்புறம் அடுத்து போடறதை பதிவு பண்ண இடத்துல போடுங்க. நகை 7 சவரனும் வீட்டுலயே இருக்கட்டும். திடீர்னு ஆஸ்பத்திரி செலவு, கடையில பைப் வெடிச்சிருச்சுன்னு வந்தா அப்ப ஒரு வளையலை பேங்க்ல வைக்கலாம், தண்டலுக்கு பதிலா அதுதான் உங்க அவசர பெட்டி.

இப்ப நல்ல நாள் விஷயம். வைகாசி வர்ற நேரம் மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், காசிமேட்டுல பெரிய போட் எதுவும் கடலுக்கு போகாது, உங்க சொந்த பந்தம் தெரிஞ்சவங்க எல்லார் வீட்டுலயும் கை இறுக்கமா இருக்கற நேரம். அது முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள ஸ்கூல் ஃபீஸ், அடுத்து ஆடி, கல்யாணம் கிடையாது. புதுக் கடையை நடத்த இதை விட கஷ்டமான மூணு மாசம் இருக்காது. குறிச்சுக் குடுத்தவர்கிட்டயே ஆவணியில ஒரு நாள் கேளுங்க. ஆவணி முகூர்த்தம், நவராத்திரி, தீபாவளின்னு வரிசையா வரும், மத்த ஊர் பார்லர்ல மார்கழி ஈ ஓட்டும், ஆனா ராயபுரம் தண்டையார்பேட்டை பக்கம் கிறிஸ்துமஸ் இருக்கு, டிசம்பர் 20ல இருந்து 24 ராத்திரி வரைக்கும் உக்கார நேரம் இருக்காது, அப்புறம் பொங்கல், தை கல்யாணம். ரம்ஜான் கடைசி பத்து நாள் மெஹந்திக்கு வருவாங்க, அது எந்த மாசம் வருதுன்னு பார்த்து வச்சிக்கோங்க. ஆவணி வரைக்கும் பழைய வேலையிலயே இருந்தா சம்பளமும் வரும், குழு லோனும் பாதிக்கு மேல கரைஞ்சிரும்.

கடை திறந்தப்புறம் ஒரு பழக்கம், இதை மட்டும் விட்ராதீங்க. ராத்திரி கடை மூடும்போது கல்லாவை எண்ணுங்க. அன்னிக்கு 1,000 ரூபா வந்திருக்குன்னா 200 சாமானோடது. வாடகை, ஈபி, லோன், சில்லறை செலவு 17,000ஐ 26 நாளுக்கு பிரிச்சா ஒரு நாளைக்கு 660 ரூபா, அது கட்டட ஓனர், ஈபி ஆபீஸ், பேங்க்காரங்க காசு. 860 போச்சு. அந்த ஆயிரத்துல உங்க காசு 140 ரூபா. நம்ம தொழில்ல தினம் கையில காசு பொழங்கறதாலதான் பணக்காரங்க மாதிரி தோணுது, போற வழியில காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கிட்டுப் போலாம்னு தோணும், கேக்கற நாத்தனாருக்கு 500 குடுக்கத் தோணும், அது எல்லாம் அந்த 860ல இருந்துதான் போகும், நாம 140ல இருந்து குடுத்ததா நினைச்சிக்குவோம். கடைக்கு தனியா ஒரு அக்கவுன்ட், அந்த கியூஆர் கோடு மட்டும் கடையில ஒட்டுங்க, வீட்டு ஜிபே நம்பரை கஸ்டமருக்கு குடுக்கவே கூடாது. மாசம் 5ம் தேதி கடை அக்கவுன்ட்ல இருந்து உங்க சம்பளத்தை வீட்டு அக்கவுன்ட்டுக்கு மாத்துங்க, முதல்ல 3,500ஆ இருந்தாலும் பரவாயில்ல, அது சம்பளம். நடுவுல எடுக்காதீங்க.

பிரைடல் அட்வான்ஸ் பத்தி மட்டும் தனியா சொல்லணும். ஒரு ஆவணியில ஒரு பொண்ணு கல்யாண மேக்கப்புக்கு 5,000 அட்வான்ஸ் குடுத்துட்டுப் போச்சு, அந்த வாரம் என் பையன் ஸ்கூல்ல டெர்ம் ஃபீஸ், எடுத்துக் கட்டிட்டேன். பத்து நாள்ல அந்த கல்யாணம் நின்னு போச்சு. அந்த அம்மா வந்து வாசல்ல நின்னாங்க, கத்தலை, கோவப்படலை, பணம் இருந்தா குடும்மான்னு மட்டும் கேட்டாங்க. மண்டபத்துக்காரர் திருப்பித் தரலைன்னு அழுதாங்க. என்கிட்ட 700 ரூபா இருந்துச்சு. மூக்குத்தியை வச்சிட்டு மறுநாள் கொண்டு போய் குடுத்தேன். முகூர்த்தம் முடிஞ்சு பொண்ணு மேடையை விட்டு இறங்கற வரைக்கும் அந்த காசு அவங்களோடது, ஒரு கவர்ல பேர் எழுதி வச்சிருங்க.

அப்புறம் மாநகராட்சி தொழில் உரிமம், தண்டையார்பேட்டைன்னா 4வது மண்டல ஆபீஸ், கடை திறக்கறதுக்கு முன்னாடியே எடுத்துருங்க. ஆவணியில போர்டு மாட்டின உடனே எனக்கு ஒரு லெட்டர் போடுங்க.

கேள்வி: அக்கா, வியாசர்பாடியில ஜென்ட்ஸ் சலூன் வச்சி ரெண்டு வருஷம் ஆகுது. ரெண்டு சேர், ஒரு பையன் வேலைக்கு இருக்கான். மாசம் 1,10,000 வரைக்கும் கல்லா வருது, பாதிக்கு மேல ஜிபேதான், எல்லாம் என் சொந்த அக்கவுன்ட்டுக்கே வருது. ஜிபேயில இவ்வளவு வந்தா ஜிஎஸ்டி நோட்டீஸ் வரும், இன்கம் டாக்ஸ் புடிப்பாங்கன்னு பக்கத்து கடைக்காரர் பயமுறுத்தறார், அதனால கேஷ் மட்டும் வாங்கலாமான்னு யோசிக்கறேன்.
ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: தம்பி, கியூஆரை கழட்டாதீங்க, பயந்துட்டு பின்னாடி போற விஷயம் இல்ல இது. மாசம் 1,10,000னா வருஷத்துக்கு 13,20,000. நம்ம மாதிரி சர்வீஸ் தொழிலுக்கு வருஷம் 20 லட்சத்தை தாண்டினாதான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அது லாபக் கணக்கு இல்ல, கல்லாவுக்கு வர்ற மொத்தம், நீங்க விக்கற வேக்ஸ், ஷாம்பூ காசும் அதுல சேரும், கேஷும் சேரும். மூணாவது சேர் போடும்போது இந்த எல்லையை மனசுல வச்சிக்கோங்க. தாண்டினாலும் முன்ன மாதிரி 18 சதவீதம் கிடையாது, 2025 செப்டம்பர் 22ல இருந்து சலூன், பார்லருக்கு 5 சதவீதம்தான், ஆனா சாமான் வாங்கும்போது நாம கட்டின வரியை கழிச்சிக்க முடியாது. பதிவு பண்ணாத வரைக்கும் பில்லுல ஜிஎஸ்டின்னு போட்டு ஒரு ரூபாகூட வாங்கக்கூடாது, அது தப்பு.

இன்கம் டாக்ஸுக்கு நம்ம மாதிரி சின்னக் கடைங்களுக்கு லேசான வழி ஒண்ணு வச்சிருக்காங்க, பெரிய கணக்குப் புத்தகம் இல்லாமலே ஜிபே, பேங்க் வழியா வந்ததுல 6 சதவீதம், கேஷ்ல வந்ததுல 8 சதவீதம் லாபம்னு காட்டலாம், அதுக்கு மேல நிஜமா லாபம் வந்திருந்தா அதைத்தான் காட்டணும். புது வரி முறையில 2025-26 நிதியாண்டுல இருந்து 12 லட்சம் வருமானம் வரைக்கும் வரியே வராது. அதனால நீங்க பயப்படறதுல அர்த்தமே இல்ல, நீங்க ரிட்டர்ன் போடாம இருக்கறதுதான் உங்களுக்கு நஷ்டம். ரெண்டு வருஷ ரிட்டர்ன் கையில இருந்தா நாளைக்கு பேங்க்ல மூணாவது சேருக்கு லோன் கேக்கும்போது யார் தயவும் வேணாம். ஆனா வீட்டுக்கு மச்சான் அனுப்பற பணமும் கஸ்டமர் அனுப்பற 150 ரூபாயும் ஒரே அக்கவுன்ட்ல விழுதே, அதை இந்த வாரமே பிரிச்சிருங்க. செவ்வாய்க்கிழமை கடை லீவுதானே, அன்னிக்கே பேங்குக்கு போயிட்டு வாங்க.

கேள்வி: கொடுங்கையூர்ல வீட்டு ஹால்லயே பார்லர் வச்சிருக்கேன்க்கா. வேலை நிறைய இருக்கு, காசுதான் இல்ல. சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் அப்புறம் தர்றேன்னு போயிடறாங்க, கேட்டா கோச்சிக்கறாங்க. ஒரு வருஷத்துல 11,000 ரூபா பாக்கி நிக்குது. என்ன பண்றது?
ஒரு வாசகி, கொடுங்கையூர்

பதில்: அந்த 11,000ல 2,200 ரூபா சாமான் காசு நீங்க கையில இருந்து போட்டதுமா, உங்க இடுப்பு வலியை நான் இன்னும் கணக்குல சேர்க்கலை. பழைய பாக்கியை இனிமே யார்கிட்டயும் கேட்டு மனசை கெடுத்துக்காதீங்க, வர்றது வரட்டும். ரேட் போர்டு ஒண்ணு எழுதி மாட்டுங்க, அதுக்குக் கீழயே கியூஆர் வைங்க. நாக்குக்கு வராத வார்த்தையை போர்டு சொல்லிரும். நாத்தனார், அக்கா, அம்மான்னு நெருங்கின நாலு பேருக்கு மட்டும் மாசம் ஒரு ஐப்ரோ இலவசம்னு நீங்களே முன்னாடி சொல்லிடுங்க, அந்த காசை உங்க சம்பளத்துல இருந்து கடைக்கு போட்ருங்க, அப்ப தர்றது பாசமா இருக்கும், பாக்கியா இருக்காது. மத்தவங்களுக்கு ஃபேஷியல் மாதிரி பெரிய வேலைன்னா க்ரீம் டப்பாவை திறக்கறதுக்கு முன்னாடி பாதிப் பணம். கோச்சிக்கிட்டு போறவங்க ரெண்டு மாசத்துல திரும்பி வருவாங்க, உங்க கை அப்படின்னா வருவாங்க.

இன்னொண்ணு, ஹால்ல கடை ஓடுது, மீட்டர் வீட்டு மீட்டரா? செக்கிங் வந்தா அபராதம் போட்ருவாங்க. ஈபி ஆபீஸ்ல போய் கடைக்கு தனி இணைப்பு கேளுங்க. கடை எவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னும் அப்பதான் உங்களுக்கு தெரியும்.

கேள்வி: திருவொற்றியூர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல கடைக்குள்ள தண்ணி வந்து சேர், ஸ்டீமர், சாமான் எல்லாம் போச்சு, 80,000 நஷ்டம். இப்ப திரும்ப தலையெடுத்திருக்கேன். இன்சூரன்ஸ் எல்லாம் நம்ம மாதிரி சின்னக் கடைக்கு தருவாங்களா அக்கா?
ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: தருவாங்கமா. 5 கோடி வரைக்கும் மதிப்புள்ள சின்ன தொழிலுக்குன்னே பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷான்னு ஒரு பாலிசி 2021 ஏப்ரல்ல இருந்து இருக்கு, தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதுல வரும், பொது இன்சூரன்ஸ் கம்பெனி எல்லாருமே வச்சிருக்காங்க. கட்டடம் ஓனரோடது, அதனால உங்க சாமானுக்கும் மெஷினுக்கும் மட்டும் எடுங்க, பிரீமியம் கம்மியா இருக்கும். அக்டோபர்ல மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், புயல் சின்னம் வந்தப்புறம் ஓடாதீங்க. உங்களுக்கும் பேங்க்லயே வருஷம் 20 ரூபாய்க்கு விபத்து காப்பீடு 2 லட்சத்துக்கு இருக்கு, 436 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு 2 லட்சத்துக்கு இருக்கு, 50 வயசுக்குள்ள இருந்தா ரெண்டையும் போட்ருங்க. ரெண்டுக்கும் மே கடைசியில அக்கவுன்ட்ல இருந்து தானா எடுப்பாங்க, அன்னிக்கு 500 ரூபா இருக்கற மாதிரி பார்த்துக்கோங்க.

சேர், ஸ்டீமர், ட்ரையர் பில்லு எல்லாத்தையும் போட்டோ எடுத்து உங்க பொண்ணு மெயிலுக்கு அனுப்பி வைங்க, போன வாட்டி பில்லும் தண்ணியிலதான் போயிருக்கும். ஸ்டீமரை இந்த தடவை தரையில வைக்காதீங்க, சுவத்துல ஒரு ஸ்டாண்ட் அடிச்சு இடுப்பு உயரத்துக்கு ஏத்திடுங்க, ப்ளக் பாயின்ட்டையும் எலக்ட்ரீஷியனை விட்டு அதே உயரத்துக்கு மாத்திடுங்க.